பேஸ்மேக்கர் யாருக்கு? எந்திரம் சொன்னால் போதுமா?

வண்டியில் இரண்டு மாடுகள். ஒன்று முன்னே இழுக்கிறது. மற்றொன்று பின்தங்குகிறது. வண்டி எப்படி ஓடும்?

சிலருடைய இருதயம் இப்படித்தான் தடுமாறுகிறது. வலப்பக்கம் முந்திச் சுருங்குகிறது, இடப்பக்கம் பிந்துகிறது. ரத்தம் சரியாக ஓடுவதில்லை. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கால் வீங்குகிறது.

இதற்கென்றே ஒரு வகை பேஸ்மேக்கர் இருக்கிறது. அதை மார்பின் மேல்பகுதியில், தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதன் கம்பிகள் வழியாக மின்சாரம் சென்று, இருதயத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்ந்து துடிக்கச் செய்யும். அமெரிக்க அரசு 2001-ம் ஆண்டு இதற்கு அனுமதி அளித்தது.

மூன்றில் ஒருவர்

ஆனால், இதை வைத்துக்கொள்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பலன் தெரிவதில்லை. ஆபரேஷனும் செலவும்தான் மிச்சம்!

யாருக்குப் பலன் தரும்? டாக்டர்கள் இ.சி.ஜி. கோட்டின் அகலத்தைப் பார்க்கிறார்கள். ஒரு விநாடியை 1,000 பங்காக்கினால், 150 பங்கும் அதற்கு மேலும் இருப்பது முக்கியமான அடையாளம்.

இப்போது கம்ப்யூட்டரும் உதவிக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. இ.சி.ஜி. அகலம், இருதயத்தின் பலம், ஆணா பெண்ணா என்பது போன்ற 9 விவரங்களைக் கம்ப்யூட்டர் பார்த்தது. பழைய விதிகளைவிடச் சற்று நன்றாகவே யாருக்குப் பலன் கிடைக்கும் என்று கணித்தது.

நல்ல செய்திதான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது.

பெண்கள் எங்கே?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கம்ப்யூட்டருக்குத் தானாக எதுவும் தெரியாது. பழைய நோயாளிகளின் கணக்கைப் படித்துத்தான் அது பாடம் கற்கிறது.

அந்தக் கணக்கில் பெண்கள் குறைவு. இந்த பேஸ்மேக்கர் பற்றிய 3 பெரிய சோதனைகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 100-க்கு 22 பேர்தான் பெண்கள்! 2014-ல் வெளிவந்த முடிவு வியப்பானது. இடப்பக்க மின்பாதை தடைப்பட்டவர்களில், அகலம் 130 முதல் 149 வரை உள்ள பெண்களுக்கு நல்ல பலன் கிடைத்திருந்தது. அதே அளவுள்ள ஆண்களுக்கு அப்படிக் கிடைக்கவில்லை.

அப்படியானால், 150 என்ற ஒரே கோலால் அளந்தால், பிழைக்க வேண்டிய பெண்ணையும் "வேண்டாம்" என்று திருப்பி அனுப்ப நேரிடும் அல்லவா? ஆண்களின் கணக்கையே பெரும்பாலும் படித்த கம்ப்யூட்டரும் அதே தவறைச் செய்யக்கூடும்.

ஆகவே, கணக்கில் பெண்களை நிறையச் சேர்க்க வேண்டும். அவர்களிடம் தனியாகச் சோதித்துப் பார்த்த பிறகே எந்திரத்தை ஆஸ்பத்திரிக்குள் விட வேண்டும்.

எந்திரம் யோசனை சொல்லட்டும். முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். ஏன் வேண்டும், ஏன் வேண்டாம் என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டியவரும் அவரே. "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்பது ஒரு பதிலாகாது. துடிப்பது நோயாளியின் இருதயம்!