இளையோர் டென்னிஸ்: புள்ளிகளின் விலை

ஜனவரியில் மெல்போர்னில் தொடங்கி, பாரிஸின் செம்மண் களத்தையும் விம்பிள்டனின் புல்தரையையும் கடந்து, டிசம்பரில் ஃப்ளோரிடாவின் ஆரஞ்சு பௌல் போட்டிவரை நீளும் இளையோர் டென்னிஸ் பருவம், 13 முதல் 18 வயது வரையிலானோருக்குரியது. வெல்பவருக்குக் கிடைக்கும் புள்ளிகளே போட்டியின் பெயராக அமைவதால், ஜே30 என்பது அடிப்படை நிலையையும், ஜே500 என்பது கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த நிலையையும் குறிக்கும். ஒற்றையரில் ஒருவரின் சிறந்த ஆறு முடிவுகளே தரவரிசைக்குக் கொள்ளப்படுகின்றன. ஆகவே, பல நாடுகளுக்குப் பயணம் செய்ய வசதியுள்ளவருக்கே நல்ல முடிவுகளைச் சேர்க்கும் வாய்ப்பு மிகுதி. பரிசுப் பணமோ கிடையாது.

கீழ்நிலைப் போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளில் கோட்டு நடுவர்கள் இருப்பதில்லை. எதிராளி அடித்த பந்து வெளியே விழுந்ததா என்பதை ஆடுபவரே அறிவிக்க வேண்டும், பதின்மூன்று வயதில் அது எளிய சோதனையன்று. இந்த இளையோர் களத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு மரபு உண்டு: 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்ற ராமநாதன் கிருஷ்ணனும், 1979இல் அப்பட்டத்தோடு பிரெஞ்சுப் பட்டத்தையும் வென்ற அவர் மகன் ரமேஷும் தமிழ்நாட்டினரே. அவர்களுக்குப் பின் வருவோரின் செலவைக் குறைக்க, ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்த வாரங்களில் போட்டிகளை அமைப்பதைச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பும் இந்திய டென்னிஸ் சங்கமும் இன்னும் விரிவாக்க வேண்டும்.