பக்கவாதத்துக்குப் பின் நடை: அளந்தால் மட்டும் போதுமா?

பக்கவாதம் வந்து பிழைத்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி, "மறுபடி பழையபடி நடக்க முடியுமா?" என்பதுதான். இதற்குப் பதில் சொல்ல மருத்துவமனைகளில் ஓர் எளிய சோதனை இருக்கிறது. 10 மீட்டர் தூரத்தை நடக்கச் சொல்லி, ஸ்டாப் வாட்சில் நேரம் பார்ப்பார்கள். வினாடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைவு என்றால் வீட்டுக்குள் நடமாடலாம், 0.8 மீட்டரைத் தாண்டினால் வெளியில் தாராளமாகப் போய்வரலாம். 1995ல் அமெரிக்க மருத்துவர் ஜாக்குலின் பெரியும் அவரது குழுவினரும் வகுத்துத் தந்த கணக்கு இது.

கணக்கு சரிதான். ஆனால் சோதனை நடப்பது சமதளத் தரையில், பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் நிற்கும்போது, அதுவும் சில வினாடிகள் மட்டும்! வீட்டில் வாசற்படி உண்டு, ஈரமான குளியலறை உண்டு. மிச்சமுள்ள நாள் முழுக்க அவர் நடந்தாரா, படுத்தே இருந்தாரா என்பதை ஸ்டாப் வாட்ச் சொல்லாது.

இங்கேதான் உடலில் அணியும் சென்சார்கள் உதவுகின்றன. முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் கொண்ட சின்னக் கருவியை இரண்டு கணுக்காலிலும் கட்டிவிட்டால், எத்தனை அடி, என்ன வேகம், எந்தக் கால் பின்தங்குகிறது என்பதெல்லாம் பதிவாகிவிடும். கைக்கடிகாரக் கருவி இதற்கு அவ்வளவாகப் பயன்படாது. மெதுவாக நடப்பவரின், கை விறைத்துப் போனவரின், ஊன்றுகோல் பிடித்தவரின் அடிகளை அது தவறவிட்டுவிடும்.

இந்தக் கருவியை வைத்து ஒரு பெரிய ஆய்வும் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் புரூஸ் டாப்கின் குழுவினர் பல நாடுகளின் மறுவாழ்வு மையங்களில் நடத்திய 'சிர்ராக்ட்' ஆய்வின் முடிவு 2015ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு நடை வேகம் மட்டும் சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு, சென்சார் பதிவு செய்த அன்றாட நடைக் கணக்கும் காட்டப்பட்டது. நடந்த நேரத்தில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சராசரியாக நாளுக்குச் சுமார் 15 நிமிடம்தான்!

சென்சார் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமா? இல்லை. நடை பழகவே சேர்க்கப்பட்ட இடத்தில், ஒருவர் நாள் முழுக்க 15 நிமிடமே நடக்கிறார் என்ற உண்மையை வெளியே கொண்டுவந்ததே அந்தக் கருவிதான். ஆனால் தராசு எடையைச் சொல்லும், சோறு போடாது. அந்த 15 நிமிடத்தை 30 ஆக்க வேண்டுமானால் கூட நடக்க ஆள் வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், விழுந்துவிடுவோமோ என்ற பயம் போக வேண்டும். இதையெல்லாம் எந்தக் கருவியும் கொடுக்காது.

ஆகவே மருத்துவமனைகள் சென்சார் வாங்கட்டும், தப்பில்லை. அது காட்டும் குறையைச் சரிசெய்யப் போதுமான பிசியோதெரபிஸ்ட்களையும் சேர்த்தே நியமிக்கட்டும். இல்லாவிட்டால், நோயாளி நடக்கவில்லை என்பது மட்டும் மிகத் துல்லியமாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும்.