கையில் அளந்தால் தெரியாத அழுத்தம்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றவன் நான். பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்றேன். என்னிடமுள்ள தமிழ் போதும் என்றே எண்ணியிருந்தேன், மாமாவுடன் அரசாங்க மருத்துவமனைக்குப் போகும்வரை.

மாமாவுக்குக் கல்லீரல் சுருக்க நோய். நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருப்பதாக டாக்டர் மலாயில் விளக்கினார். ‘தெக்கானான் டாரா திங்கி’ என்று காதில் விழுந்ததும், “இரத்தக் கொதிப்பாம், மாமா” என்றேன். அவ்வளவுதான்! அத்தை மருந்துக்கடையில் மாமாவின் கையில் பட்டை கட்டி அளக்கச் சொன்னார். 118/76. “நல்லாத்தானே இருக்கு, தம்பி?” என்றார். டாக்டர் குறித்துக் கொடுத்த நாளில் மாமா போகவில்லை.

கையில் அளப்பது உடலெங்கும் செல்லும் இரத்தத்தின் அழுத்தம். மாமாவுக்குக் கூடியிருந்ததோ இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குழாயின் அழுத்தம். கல்லீரல் தழும்பேறி இறுகும்போது, குடலிலிருந்து வரும் இரத்தம் அதனுள் எளிதில் புக முடியாமல் மாற்று வழிகளில் பாய்கிறது. கல்லீரல் நீக்க வேண்டிய சில பொருள்கள் அப்படியே நுரையீரலை அடைந்து, அங்குள்ள சிறு குழாய்களை ஒடுங்கச் செய்வதாக மருத்துவர்கள் கருதுகின்றனர். எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துவிடும். எக்கோ சோதனையில் ஐயம் எழும். இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்தால்தான் உறுதியாகும். சராசரி அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினாலே கூடுதல். 50ஐத் தாண்டி நீடித்தால் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே பொதுவாக மறுக்கப்படும். மருந்தால் 35க்குக் கீழே கொண்டுவந்தால் வழி பிறக்கலாம். காலம் இங்கே உயிருக்குச் சமம்!

பிழை என்னுடையது. தாளில் இரண்டு குழாய்களை வரைந்து காட்டிய பின்பே மாமா மீண்டும் மருத்துவமனைக்குப் போனார். இடையில் மூன்று மாதம் வீணாயிற்று.

நண்பர்களே, ‘தமிழ் வாழுமா?’ என்று பட்டிமன்ற மேடைகளில் முழங்குகிறோம். மருத்துவமனை நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஓர் அத்தைக்கு நோயை விளக்க இயலாத தமிழை வைத்துக்கொண்டு என்ன முழக்கம்? புதிய கலைச்சொல் மட்டும் போதாது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் உடலில் நடப்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். மருத்துவம் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் சேர்ந்து, ஆண்டுக்குப் பத்து நோய்களையாவது வீட்டுத் தமிழில் எழுதுவோம். அடுத்த முறை மொழிபெயர்க்கப் போகும் தம்பி தங்கை என்னைப் போல் தடுமாறக் கூடாது.