துளசிக்கு யார் டிபன் போடுகிறார்கள்?

"துளசி டிபனா சாப்பிடுது? தண்ணி மட்டும்தானே! எனக்கும் ஒண்ணும் வேண்டாம்மா." தினமும் இப்படிச் சொல்லிவிட்டு ஓடுவாள் என் பத்து வயசுப் பெண். ஒரு நாள் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்துவிட்டாள். "வெறும் வயிறுதான் காரணம்" என்றார் டாக்டர்.

அன்று மாலை துளசி மாடத்தருகே உட்கார்த்தி வைத்துச் சொன்னேன்: "துளசி பட்டினி கிடக்கலைடி கண்ணு. அதுக்கு இலைதான் அடுப்படி. இலையில இருக்கிற பச்சையம் வெயிலைப் பிடிச்சு, தண்ணியையும் கரியமில வாயுவையும் சேர்த்து சர்க்கரை பண்ணிக்கும். நம்ம உடம்பில பச்சையம் ஏது?"

சகோதரிகளே, சர்க்கரையைச் சக்தியாக்கும் வேலை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். செடியின் செல்லிலும் சரி, நம் செல்லிலும் சரி, மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு பிராணவாயுவின் உதவியால் அதைச் செய்கிறது. இரவில் செடி, பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் செலவழிக்கிறது. நமக்குக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரை தருகிறது. விடிந்ததும் செடிக்கு வெயில் வந்துவிடும். பிள்ளைக்கு நாம்தான் இட்லி வைக்க வேண்டும்.

மறுநாள் இரண்டு இட்லி உள்ளே போயிற்று. "நீ சாப்பிட்டியாம்மா?" என்றாள். பதினோரு மணி வரை வெறும் காபியோடு ஓட்டுகிற நானும் செடி இல்லையே! தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.