ரத்துக் கட்டணம் என்னும் தண்டம்

டெலிவிஷன் கம்பெனிகள் சந்தாதாரர்களிடம் வசூலித்துவரும் 'ரத்துக் கட்டணம்' என்னும் தண்டத்தைப்பற்றி நமக்குப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றன் சாராம்சத்தை மட்டும் இங்கே தருகிறோம். திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த அன்பர் ஒருவர், உபாத்தியாயர் தொழிலினின்று ஓய்வு பெற்றவர், ஒரு கம்பெனியிடம் ஒரு வருஷ உடன்பாட்டின்பேரில் இணைப்புப் பெற்றார். ஒன்பது மாதம் சந்தாவைத் தவறாது செலுத்தினார். பத்தாவது மாதத்தில் இரண்டு வாரம் படம் வரவில்லை. ஐந்து முறை முறையிட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "இணைப்பு வேண்டாம், பெட்டியை எடுத்துச் செல்லுங்கள்" என்றார். ரூ. 1,500 ரத்துக் கட்டணம் செலுத்தவேண்டும் என்று அன்றைக்கே பதில் வந்தது! பழுது பார்க்க இரண்டு வாரமாக ஆள் அகப்படாத கம்பெனிக்குத் தண்டம் கேட்க மட்டும் உடனே ஆள் அகப்பட்டுவிட்டது.

ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு ஒரு தலையங்கமா என்று சிலர் வினவக்கூடும். தொகை சிறிதென்பதே இவ்வநீதியின் பலம். வழக்காடும் அலைச்சலைவிடத் தண்டம் கட்டுவதே லாபம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே கணக்கிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். கம்பெனி என்ற சொல் நம் தேசத்தாருக்குப் புதிதன்று. சிறு சிறு வசூல்களால் பெரும் பொக்கிஷங்கள் நிரம்பிய சரித்திரத்தை நாம் மறக்கவில்லை. கம்பெனி சுதேசியாகிவிட்டதனாலேயே அநியாயம் நியாயமாகிவிடாது.

கம்பெனிகளின் வாதத்தையும் கேட்போம். பெட்டியை இலவசமாகத் தருகிறோம், கம்பி இழுத்து ஆள்கூலியும் கொடுக்கிறோம், ஒரு வருஷச் சந்தாவில்தான் அச்செலவு ஈடாகிறது, நடுவில் விலகினால் நஷ்டம் என்கின்றனர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், அச்செலவை ஈடு செய்வதுதான் நோக்கமென்றால் தொகை மாதந்தோறும் குறைந்துகொண்டே வரவேண்டுமன்றோ? முதல் மாதம் விலகுவோனுக்கும் பதினோராவது மாதம் விலகுவோனுக்கும் ஒரே தொகை என்பது எந்தக் கணக்கு? பெட்டியைத் திரும்பப் பெற்று வேறொரு வீட்டில் மாட்டிய பிறகும் அதன் விலையைக் கேட்பது எந்த நியாயம்? இது நஷ்ட ஈடன்று. பட்டியைவிட்டு ஆடு வெளியேறாதபடி கட்டிய படல். மேலும், சேவை செய்வதாகச் சொன்ன வாக்கில் முதலில் தவறியவர் கம்பெனியாரே. தாம் தவறியபின் பிறரைத் தண்டிக்க அவருக்கு உரிமை ஏது?

"நமூனாவில் கையொப்பமிட்டீரே" என்பது அடுத்த வாதம். கண்ணுக்கெட்டாத சிற்றெழுத்தில் அச்சிட்டதைத் திருத்தவோ மறுக்கவோ இடமின்றி ஒப்பமிடச் செய்வது சம்மதமாகுமா? பேரம் பேசும் பலத்தில் ஒப்பில்லாத இருவரிடையே நிகழும் அநியாய உடன்படிக்கையைக் கோர்ட்டார் ஏற்கவேண்டியதில்லை என்று 1986-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, உடன்படிக்கையில் குறித்த தொகை உச்சவரம்பே. அதற்குட்பட்ட நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும். நஷ்டமே நேராதவிடத்து, குறித்த தொகை என்பதற்காக மட்டும் அதைப் பெறமுடியாதென்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நேர்ந்த நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டம் விதிக்கும் ஒப்பந்தத்தை 'அநியாய ஒப்பந்தம்' என்றே பெயரிட்டுக் கூறுகிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்க, குறை எங்கே? வாசலை வைத்த இடத்தில் இருக்கிறது. ஷரத்தே அநியாயமானது, அது செல்லாதென்று அறிவிக்கவேண்டும் என்னும் முறையீட்டை அச்சட்டம் ஜில்லாக் கமிஷனுக்கு அளிக்கவில்லை. மாநிலக் கமிஷனுக்கும் தேசியக் கமிஷனுக்குமே அளித்திருக்கிறது. ஐம்பது லக்ஷம் ரூபாய் வரை விலை கொடுத்த விவகாரத்தை விசாரிக்கத் தகுதியுள்ள ஜில்லாக் கமிஷன், ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஷரத்தைத் தள்ளத் தகுதியற்றதாம்! மனுவை மின்வழி அனுப்பலாமென்பது மெய்யே. எனினும் விசாரணை, வாய்தா, வக்கீல் என்று சென்னையையோ மதுரையையோ நம்பியிருக்கவேண்டிய கிராமவாசி என்ன செய்வான்? சேவைக் குறை என்று ஜில்லாக் கமிஷனில் வழக்காடித் தன் பணத்தை மீட்கலாம். ஆனால் அந்த ஷரத்து நமூனாவில் அப்படியே இருந்து அடுத்த வீட்டானைப் பிடித்துக்கொள்ளும்.

ஒழுங்குமுறை ஆணையமாகிய 'டிராய்' இவ்விஷயத்தில் காட்டும் தாராளமும் நமக்கு வியப்பளிக்கிறது. 2017-ல் இணைப்பு அமைக்க ரூ. 350, அதைச் செயல்படுத்த ரூ. 100 என்று அது உச்சவரம்பு விதித்திருந்தது. 2024-ல் அவ்வரம்பை நீக்கி, கம்பெனிகள் தம் கட்டணங்களை வெளியிட்டால் போதுமென்று விட்டுவிட்டது. வெளியிட்ட கட்டணமெல்லாம் நியாயக் கட்டணமாகிவிடுமா?

ஆகவே நாம் இரண்டு காரியங்களை வற்புறுத்துகிறோம். அநியாய ஷரத்துகளைத் தள்ளும் அதிகாரத்தை ஜில்லாக் கமிஷன்களுக்கு அளிக்குமாறு பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தவேண்டும். ரத்துக் கட்டணம் மாதந்தோறும் குறைய வேண்டும், பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவரிடம் அதன் விலையைக் கேட்கலாகாது, கம்பெனியின் தவறால் விலகுவோரிடம் ஒரு காசும் வாங்கலாகாது என்று டிராய் ஐயத்திற்கிடமின்றி விதிக்கவேண்டும்.

அதுவரையில் ஜனங்கள் கைகட்டியிருக்கவேண்டியதில்லை. ஒப்பமிட்ட நமூனாவின் பிரதியைக் கேட்டு வாங்குக. முறையீடுகளின் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்க. ரசீதின்றிப் பெட்டியைக் கொடாதீர். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். வசிக்கும் ஊருக்குரிய ஜில்லாக் கமிஷனிலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குத் தொடரலாம், செலுத்திய விலை ஐந்து லக்ஷம் ரூபாய்க்கு மேற்படாதவரை மனுக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே குறையுள்ள பலர், கமிஷனின் அனுமதி பெற்று, எல்லோருக்குமாக ஒரே மனுச் செய்துகொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. பதிவு பெற்ற நுகர்வோர் சங்கங்களும் வழக்காடலாம். வாரத்தில் ஒரு மாலைப்பொழுது ஊர் வாசகசாலையில் அமர்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள்; தனித்தனியே தண்டம் கட்டுவோரை ஒன்று சேருங்கள். ஒரு ஜில்லாவில் நூறுபேர் கூடி ஒரு மனுவில் கையொப்பமிட்டால், அந்த ஷரத்தை அடுத்த நமூனாவில் அச்சிடக் கம்பெனியார் யோசிப்பார்கள் என்பது திண்ணம்.