அலமாரியில் ஒரு காலி இடம்

மைசூரு வீட்டு அலமாரியில என் போர்க்கால கிளைடர்கள் நிக்குது. எஞ்சின் இல்லாத விமானங்கள், எல்லாம் 1/72 அளவு. அதுல வாகோவும் உண்டு. 1944 மார்ச் 5 ராத்திரி அசாமின் லாலாகாட்ல இருந்து பர்மா காட்டுல படையை இறக்கினது அதுதான்.

"இதுல இந்தப் பக்கம் செஞ்சது எதுப்பா?"ன்னா பொண்ணு. முழிச்சேன்.

தேடினா, மைசூர் சமஸ்தானமும் முதல் போட்ட பெங்களூரு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1941லயே பத்து பேர் உட்கார்ற கிளைடர் செஞ்சிருக்கு! பேரு ஜி-1, வடிவமைச்சவர் வி.எம்.காட்கே. அதோட கிட் எனக்கு எங்கேயும் கிடைக்கல.

என்னைக் கேட்டா, பெட்டியில வர்றதை ஒட்டினா மட்டும் சேகரிப்பு ஆகாது. பிழைக்க வந்த ஊரோட கதையும் நம்ம பிள்ளைங்க கதைதான். பால்சா கட்டை வாங்கியாச்சு. முதல் இறக்கை கோணல், பரவாயில்ல :-)