பக்கற் பாலில் தண்ணீர் கலக்கிறார்களா?

"காய்ச்சினால் ஊரிலை மாதிரி ஆடை படியுதில்லை. இது தண்ணிப்பால்தான்." டென்மார்க்கிற்குப் புதிதாக வந்த எம்மவர் பலர் இப்படிச் சொல்வதுண்டு. உண்மை என்ன என்று மாட்டின் மடியிலிருந்தே பார்ப்போம்.

பசு கன்று ஈன்ற பின்னரே பால் சுரக்கும். ஒரு லீற்றர் பால் உண்டாகச் சுமார் 400 முதல் 500 லீற்றர் இரத்தம் மடியினூடாக ஓடவேண்டும். ஊரில் கன்றை ஊட்டவிட்டுத்தானே கறப்போம்? அந்தத் தொடுகையால் ஒக்சிற்றோசின் என்னும் ஓமோன் இரத்தத்தில் கலந்து பாலை இறக்குகிறது. இங்கே முலைக்காம்பைத் துடைத்துத் தூண்டியபின் இயந்திரத்தைப் பூட்டுகிறார்கள். பசு வெருண்டால் பால் சரியாக இறங்காது.

பாலில் ஏறக்குறைய 87 வீதம் இயற்கையாகவே தண்ணீர்தான். மேலதிகமாக ஊற்றினால் பால் உறையும் வெப்பநிலை மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். கொழுப்பையும் புரதத்தையும் கணக்கிட்டே விவசாயிக்குப் பணம் கொடுப்பதால், தண்ணீர் ஊற்றி இலாபமும் இல்லை. ஒருவரின் கெட்ட பால் எல்லோருடைய வெண்ணெயையும் கெடுக்கும் அல்லவா? 1882இல் மேற்கு யூலண்டின் யெடிங் கிராமத்தில் முதலாவது கூட்டுறவுப் பாற்பண்ணையைத் தொடங்கிய நாடு இது. பாலைச் சோதிப்பது இவர்களுக்குப் புதிதல்ல.

மடியழற்சி வந்தால் பாலில் வெண்குருதிக் கலங்கள் பெருகும். மில்லிலீற்றருக்குச் சராசரி 400,000 கலங்களுக்கு மேற்படக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. மருந்து ஏற்றிய பசுவின் பாலை, குறித்த நாட்கள் கழியும்வரை விற்கமுடியாது.

அப்படியானால் ஆடை எங்கே? பெரும்பாலான பக்கற் பாலில் கொழுப்புத் துளிகளை இயந்திரத்தால் மிகச் சிறிதாக உடைத்துவிடுவார்கள். அதனால் அவை மேலே திரள்வதில்லை.

கடையில் ஸொத்மெல்க்கில் கொழுப்பு 3.5 வீதம், லெற்மெல்க்கில் 1.5, மினிமெல்க்கில் 0.5, ஸ்கும்மற்மெல்க்கில் 0.1. எடுக்கப்படுவது கொழுப்புத்தான், புரதமும் கல்சியமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். தயிர் உறையவைக்க ஸொத்மெல்க் நல்லது. கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட பெரியவர்கள் ஸ்கும்மற்மெல்க்கைத் தயங்காமல் குடிக்கலாம்.

தாய்மாரே, ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். ஒரு வயதாகாத பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கோ குழந்தைப் பால்மாவுக்கோ பதிலாகப் பசுப்பாலைக் கொடுக்கக்கூடாது, தண்ணீர் கலந்தும் கொடுக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தாதியிடம் கேளுங்கள். மொழி தெரியாது என்று கூச்சப்படவேண்டாம். பால் பக்கற்றை எடுத்துக் காட்டினாலே போதும், அவருக்கு விளங்கும்.